பத்து நொடியில் "ஹான்டெல்!" என்று சொல்வது எப்படி? வினாடி வினாவில் வரும் இசைக் கேள்வி, ஒன்றுமே தெரியாதவர்களுக்காக

பிரிட்டனில் ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’ என்று ஒரு டிவி வினாடி வினா 1962-ல் தொடங்கியது. 1987-ல் நின்றுபோய், 1994-ல் பிபிசியில் மறுபடி உயிர் பெற்று இன்றுவரை ஓடுகிறது. இரண்டு பல்கலைக்கழக அணிகள், அணிக்கு நான்கு பேர், அரை மணி நேரம். கேள்விகள் கரிம வேதியியலில் தொடங்கி பைசாந்தியப் பேரரசு வரை எங்கே வேண்டுமானாலும் போகும். அதையெல்லாம் பார்த்து "சரி, படித்திருப்பான், தெரிந்திருக்கிறது" என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆட்டத்தின் நடுவில் ஒரு இசைக் கேள்வி வரும். என்ன வாத்தியம் என்றே நமக்குப் பிடிபடுவதற்குள் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை பஸரை அழுத்தி, எழுதிய இசையமைப்பாளர் "சிபேலியஸ்" என்று சொல்லும், அது சரியாகவும் இருக்கும். அங்கேதான் நாம் கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டுத் திரையை முறைப்போம்.

அந்தப் பிள்ளை அந்தப் பாட்டை முன்பே மனப்பாடமாகக் கேட்டிருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சில சமயம் அப்படியும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் அது அடையாளம் காண்பதே இல்லை, கழித்துக்கொண்டே வருவது. இவர் இல்லை, இந்த நூற்றாண்டு இல்லை, இந்த நாடு இல்லை என்று தள்ளித் தள்ளி கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்று பெயர்களில் ஒன்றை எடுத்து வீசுவது. இதைச் செய்ய சங்கீத ஞானம் கொஞ்சம் போதும், வரலாறு கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் மோட்ஸார்ட், பீத்தோவன் என்ற இரண்டு பெயர் மட்டும் தெரிந்தவர்களும் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் ஆட்டத்தின் விதி, ஏனென்றால் பாதி சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. ஸ்டார்ட்டர் என்ற முதல் கேள்விக்கு 10 புள்ளி. அதை யார் வேண்டுமானாலும் அழுத்திச் சொல்லலாம், ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் கலந்து பேசக் கூடாது. கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் குறுக்கே பாய்ந்து தப்பாகச் சொன்னால் 5 புள்ளி போய்விடும். சரியாகச் சொன்ன அணிக்கு மட்டும் மூன்று போனஸ் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி, இவற்றுக்கு நான்கு பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசலாம், கேப்டன் பதில் சொல்வார். இசைச் சுற்றும் இதே கணக்குதான். ஒரு துணுக்கு ஒலிக்கும், "எழுதியவர் யார்?" என்றோ "எந்த ஓபரா?" என்றோ கேட்பார்கள். ஒரு அணி தப்பாகச் சொன்னால் எதிரணிக்கு இன்னும் கொஞ்சம் கேட்கக் கொடுப்பார்கள். இரண்டு அணியும் கோட்டை விட்டால் இசை போனஸ் மூன்றும் அப்படியே காத்திருக்கும், அடுத்த சாதாரண ஸ்டார்ட்டரை யார் சொல்கிறார்களோ அவர்களுக்குப் போய்ச் சேரும். அதாவது இசையே தெரியாத அணி, ஏதோ ஒரு அணுக்கரு இயற்பியல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மூன்று இசைத் துணுக்குகளைப் பரிசாக வாங்கிக்கொண்டு திருதிருவென்று முழிப்பதும் நடக்கும். எனக்குப் பிடித்த காட்சியே அதுதான்.

இப்போது ஒரு கற்பனை ஆட்டம் நடத்திப் பார்ப்போம். ஆட்டம் கற்பனை, இசை நிஜம்.

"இந்த இசையை எழுதியவர் யார்?" துணுக்கு தொடங்குகிறது. வயலின்கள் அமைதியாக, அலையலையாக, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அடியில் மற்ற வாத்தியங்கள் ஒரே சீராகத் தட்டிக்கொண்டே வருகின்றன. மெட்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஏதோ வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு மட்டும் கூடிக்கொண்டே போகிறது. இப்படியே ஒன்றரை நிமிடம் போய், அப்புறம்தான் மொத்தக் கோரஸும் டிரம்பெட்டும் முரசும் ஒன்றாக வெடிக்கும். ஆனால் அதுவரை யாரும் காத்திருக்கப் போவதில்லை.

பஸரில் கை வைத்திருப்பவர் மனசில் என்ன ஓடும்? பியானோ இல்லை, கிளாரினெட் இல்லை. தாளம் நடுவில் எங்கேயும் தயங்கவில்லை, நிற்கவில்லை, ஒரே ஓட்டம். அது பரோக் காலத்தின் குணம், அதாவது ஏறத்தாழ 1600-லிருந்து 1750 வரை. பரோக் என்றால் உடனே நிற்கும் பெயர்கள் பாக், ஹான்டெல், விவால்டி, பர்செல். விவால்டியாக இருந்தால் ஒரு தனி வயலின் இந்நேரம் துள்ளிக் கிளம்பியிருக்கும். பாக்காக இருந்தால் இரண்டு மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்த ஆரம்பித்திருக்கும். இதுவோ ஒன்றுமே செய்யாமல் நின்ற இடத்திலேயே கம்பீரமாக இருக்கிறது, ராஜா வரப்போகிற மாதிரி. கேட்பது பிரிட்டிஷ் நிகழ்ச்சி. அழுத்து. "ஹான்டெல்."

சரி. அது ‘ஜேடோக் த பிரீஸ்ட்’. 1727-ல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் முடிசூட்டு விழாவுக்காக எழுதப்பட்டு, அதன்பின் 2023-ல் மூன்றாம் சார்லஸ் வரை பிரிட்டனில் நடந்த எல்லா முடிசூட்டு விழாவிலும் பாடப்பட்டது. இதில் கால்பந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் தொடங்கும்முன் வீரர்கள் வரிசையில் நிற்கும்போது ஒரு கோரஸ் ஒலிக்குமே, அது 1992-ல் டோனி பிரிட்டன் என்பவர் இந்த ஹான்டெல் இசையைத் தழுவி அமைத்தது. ஆக, ரியல் மாட்ரிட் ஆட்டத்துக்காக ராத்திரி ஒன்றரை மணி வரை கண் விழித்த ஒரு திருநெல்வேலிக்காரருக்கு ஹான்டெலின் சாயல் ஏற்கெனவே காதில் இருக்கிறது, அதன் பேர் மட்டும்தான் இல்லை.

இப்படி நம் காதில் பேரில்லாமல் கிடப்பவை இன்னும் உண்டு. டைட்டன் வாட்ச் விளம்பர இசை மோட்ஸார்ட்டின் 25-வது சிம்பொனி, முதல் பகுதி. 1773-ல் எழுதியது, அப்போது அவருக்கு வயது 17. பழைய நோக்கியா போனின் மணி, ஸ்பெயினின் கிட்டார் கலைஞர் பிரான்சிஸ்கோ டார்ரெகா 1902-ல் எழுதிய ஒரு வால்ட்ஸிலிருந்து கிள்ளி எடுத்தது. மோட்ஸார்ட்டின் 40-வது சிம்பொனி தொடக்கத்தை சலீல் சௌத்ரி 1961-ல் ஒரு இந்திப் படப் பாட்டாகவே ஆக்கினார், வீட்டில் பழைய இந்திப் பாட்டு கேட்கும் பெரியவர்கள் இருந்தால் அது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறோம் என்ற பயம் வேண்டாம்.

இனி கழித்தல் முறைக்கு வருவோம். காது முதலில் பிடிக்க வேண்டியது மெட்டை இல்லை, வாத்தியத்தை. ஏனென்றால் வாத்தியத்துக்குப் பிறந்த தேதி உண்டு. ஹார்ப்சிகார்ட் என்ற, கம்பியை மீட்டும் சத்தம் தரும் கீபோர்டு கேட்டால் அனேகமாகப் பழசு, 1750-க்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளலாம். பியானோவை இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி 1700 வாக்கில் உருவாக்கினார் என்றாலும் அது பரவி நிலைபெற்றது அந்த நூற்றாண்டின் பின்பாதியில்தான். சாக்ஸபோனுக்கு அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை வாங்கியது 1846. ஆகவே ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் சாக்ஸபோன் கேட்ட அடுத்த நொடி பாக், மோட்ஸார்ட், பீத்தோவன், ஷூபர்ட் எல்லாரையும் ஒரே வீச்சில் துடைத்து எறிந்துவிடலாம். அனேகமாக பிரான்ஸ் பக்கம் போக வேண்டும், ராவெல் என்று சொன்னால் பல நேரம் பலிக்கும். அவருடைய 1928-ம் வருட ‘பொலேரோ’வில் சாக்ஸபோன் இருக்கிறது, முசோர்க்ஸ்கியின் பியானோ இசையை 1922-ல் அவர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது அதிலும் ஒரு பகுதியை சாக்ஸபோனுக்குக் கொடுத்தார்.

இதிலும் அழகானது செலஸ்டா. பார்க்கச் சின்ன பியானோ, சத்தம் மட்டும் சின்னச் சின்ன மணிகள். 1886-ல் பாரீசில் காப்புரிமை பெற்றது. அதைக் கேட்டு மயங்கிய சைக்கோவ்ஸ்கி, வேறு ரஷ்ய இசையமைப்பாளர்கள் முந்திக்கொள்ளப் போகிறார்களே என்று ரகசியமாக வரவழைத்து, 1892-ல் ‘நட்கிராக்கர்’ பாலேயில் சர்க்கரைப் பழத் தேவதையின் நடனத்துக்குப் பயன்படுத்தினார். போட்டியில் செலஸ்டா மணி கேட்டு "சைக்கோவ்ஸ்கி" என்று சொன்னால் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. தப்பானால் பார்ட்டோக்.

இன்னும் தூரம் போனால் ஓந்த் மார்த்தெனோ என்ற மின்சார வாத்தியம் இருக்கிறது, 1928-ல் வந்தது, பழைய பேய்ப் படங்களில் வருவது மாதிரி ஊளையிடும். அதைக் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், ஒலிவியே மெஸ்ஸியான் என்று சொல்லிவிடலாம். அவருடைய ‘துரங்கலீலா’ சிம்பொனி 1949-ல் பாஸ்டனில் முதலில் வாசிக்கப்பட்டது. தலைப்பே சமஸ்கிருதம். சார்ங்கதேவரின் ‘சங்கீத ரத்னாகர’த்தில் வரும் தேசி தாளங்களை உட்கார்ந்து படித்துத் தன் இசையில் எடுத்தாண்டவர் அவர். நம் ஊர்த் தாளக் கணக்கு பாரீஸ் வழியாகச் சுற்றிவந்து பிரிட்டிஷ் குவிஸில் கேள்வியாக நிற்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

வாத்தியத்துக்கு அடுத்தது காலம். புத்தகங்களில் நான்கு பெரிய கட்டங்கள் சொல்வார்கள். பரோக்கைப் பார்த்துவிட்டோம், அது பாக் இறந்த 1750-ல் முடிகிறது. அடுத்த எழுபது வருடம் ஹைடன், மோட்ஸார்ட், இளவயது பீத்தோவன். இங்கே இசை மூச்சு விடும். ஒரு வரி கேள்வி மாதிரி நிற்கும், அடுத்த வரி பதில் சொல்லும், நடுவில் சட்டென்று மௌனம் வரும், சில நேரம் குறும்பும் வரும். ஹைடனின் 94-வது சிம்பொனியில் மெல்லத் தாலாட்டுகிற மாதிரி போய்க்கொண்டிருக்கும் மெட்டின் நடுவே மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ‘டம்’ என்று ஒரு அடி அடிக்கும், 1792-ல் லண்டனில் அதைக் கேட்டவர்கள் துள்ளியிருப்பார்கள். அதன்பின் 1900 வரை ரொமாண்டிக் காலம். ஆர்க்கெஸ்ட்ரா பெருக்கிறது, ஹார்ன்களும் டிராம்போன்களும் நிறைகின்றன, சத்தம் மலை மாதிரி எழும்பி விழுகிறது, உணர்ச்சியை அடக்கி வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பிராம்ஸ், வாக்னர், சைக்கோவ்ஸ்கி, மாலர். அதற்குப் பிறகு 20-ம் நூற்றாண்டு, அங்கே எல்லாம் உண்டு. தாளம் நொண்டினால், சுரங்கள் ஒன்றோடொன்று இடித்தால், ஸ்ட்ராவின்ஸ்கி என்றோ பார்ட்டோக் என்றோ ஷோஸ்டகோவிச் என்றோ தொடங்குங்கள். ஒரே சின்னத் துணுக்கு மாறாமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தால் பிலிப் கிளாஸ் அல்லது ஸ்டீவ் ரைக். கிளாஸ் அறுபதுகளில் பாரீசில் ரவிசங்கரிடம் வேலை பார்த்து, நம் தாளம் அடுக்கடுக்காகக் கூட்டிக்கொண்டு போகும் முறையைப் பார்த்துத்தான் தன் வழியையே மாற்றிக்கொண்டார்.

காலத்தை ஐம்பது வருடத் துல்லியத்துக்குள் பிடித்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. ஏன் என்றால் கேள்வி எழுதுபவருக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. மாணவர்கள் கேள்விப்பட்டே இருக்க முடியாத ஒருவரைக் கேட்டால் கேள்வி செத்துப்போகும். எனவே பதில், அந்தக் காலத்தின் பிரபலமான நாலைந்து பேரில் ஒருவராகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதே சமயம், ஒரு படைப்பின் மிகப் பிரபலமான தொடக்கத்தை அப்படியே போட்டுவிட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் அழுத்திவிடுவார்கள், ‘ராப்சடி இன் ப்ளூ’வில் கிளாரினெட் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும் அந்த முதல் நொடியைக் கேட்டுவிட்டு கெர்ஷ்வின் என்று சொல்லத் தெரியாத குவிஸ்காரர் கிடையாது. அதனால் பிரபலமானவரின் கொஞ்சம் பிரபலம் குறைந்த பக்கம் என்ற இடத்தில்தான் கேள்வி வந்து உட்காரும். உங்கள் ஊகமும் அங்கேயே உட்கார வேண்டும்.

தனி வாத்தியம் என்றால் இன்னும் சுலபம். துணையே இல்லாமல் ஒற்றை செல்லோ என்றால் பாக். கிட்டார் என்றால் ஸ்பெயின், ஆர்க்கெஸ்ட்ராவும் கூட இருந்தால் ரோட்ரிகோ. தனிப் பியானோ என்றால் கொஞ்சம் யோசிக்கணும், ஆனால் ஏக்கமாகவும் அலங்காரமாகவும் இருந்தால் ஷோபின், அந்த மனிதர் பியானோ இல்லாமல் எதையுமே எழுதவில்லை. பனி மூட்டமாக இருந்தால் டெபுசி. குரல் இருந்தால் மொழியைக் கவனியுங்கள், அர்த்தம் புரிய வேண்டியதில்லை, என்ன மொழி என்று தெரிந்தால் போதும். லத்தீன் என்றால் தேவாலயப் பாடல். ஜெர்மன் மொழியில் ஒருவர் பியானோவோடு மட்டும் பாடினால் ஷூபர்ட் அல்லது ஷூமன். இத்தாலிய மொழியில் ஒரு டெனர், அதாவது உச்சக் குரல் ஆண் பாடகர், நெஞ்சு வெடிக்கப் பாடினால் வெர்டி அல்லது புச்சினி.

நம் கர்நாடக சங்கீதத்தில் இந்தத் தொல்லை பாதி இல்லை, ஏனென்றால் வாக்கேயக்காரர்கள் பாட்டுக்குள்ளேயே முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். தியாகராஜர் தன் பேரையே வைத்தார், தீட்சிதர் ‘குருகுஹ’ என்று வைத்தார், பாபநாசம் சிவன் ‘ராமதாச’ என்று வைத்தார். சரணம் வரை பொறுமையாக இருந்தால் ஆள் யார் என்று பாட்டே சொல்லிவிடும். மேற்கில் அப்படிச் சாகித்யத்தில் கையெழுத்துப் போடும் வழக்கம் இல்லை. ஆனால் சுரத்தில் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மானிய முறையில் சுரங்களுக்கு எழுத்துப் பெயர்கள் உண்டு, அதில் பி, ஏ, சி, எச் என்ற நான்கும் சுரங்கள், சேர்த்து வாசித்தால் பாக்கின் பேர் வந்துவிடும். அவர் அதைத் தன் கடைசிக் காலப் படைப்பில் வைத்தார், பின்னால் வந்தவர்கள் அவருக்கு மரியாதை செய்ய அதே நான்கு சுரங்களை எடுத்துக்கொண்டார்கள். ஷோஸ்டகோவிச்சுக்கு இது ஒரு பிடிவாதமாகவே இருந்தது. டிமிட்ரி ஷோஸ்டகோவிச் என்ற தன் பேரை ஜெர்மன் முறையில் எழுதினால் வரும் டி, எஸ், சி, எச் என்ற நான்கையும் சுரமாக்கினார். நம் கணக்கில் சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் அது ரி, க, ஸ, கீழ் நி. சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், ஷட்ஜம், காகலி நிஷாதம், எல்லாம் கீரவாணியில் இருப்பவைதான், ஒருமுறை முணுமுணுத்துப் பாருங்கள். ஸ்டாலின் இறந்த 1953-லேயே வெளிவந்த 10-வது சிம்பொனியில் அதை முழங்க விட்டார், 1960-ல் எழுதிய 8-வது ஸ்டிரிங் குவார்ட்டட்டில் (நான்கு தந்தி வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது) முதல் நான்கு சுரமே அதுதான், அந்த இசை முழுக்கத் தன் பேரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இந்த நான்கு சுரத்தைக் காதில் ஏற்றிக்கொண்டால் என்றாவது ஒரு நாள் 10 புள்ளி நிச்சயம்.

அப்புறம், இரட்டையர்கள் பிரச்சினை. ஹைடனா மோட்ஸார்ட்டா, டெபுசியா ராவெலா, பாக்கா ஹான்டெலா என்று மாட்டிக்கொள்வது எல்லாருக்கும் நடக்கும். பாக்கும் ஹான்டெலும் 1685-ல் ஒரே வருடத்தில் ஜெர்மனியில் பிறந்தவர்கள், கடைசிவரை நேரில் சந்தித்துக்கொண்டதே இல்லை. டெபுசியும் ராவெலும் ஆளுக்கொரு ஸ்டிரிங் குவார்ட்டட் மட்டும் எழுதினார்கள், 1893-ல் ஒருவர், 1903-ல் இன்னொருவர், இரண்டையும் ஒரே இசைத்தட்டில் போட்டே விற்று வந்ததால் எது யாருடையது என்று கேட்பவர்களுக்குக் குழம்பிவிடும். இந்த மாதிரி இடத்தில் ஒரு சிக்கல், உங்கள் தப்பு எதிரணிக்கு விருந்தாகும் என்று தெரிந்துகொண்டே அழுத்துவீர்கள். நீங்கள் டெபுசி என்று சொல்லித் தப்பானால் எதிரணி யோசிக்காமல் ராவெல் என்பார்கள். அதனால் சந்தேகம் இரட்டையர்களுக்கு இடையில் மட்டும்தான் என்றால் இன்னும் இரண்டு நொடி பொறுப்பது மேல் என்பது என் கட்சி, ஆனால் வேகக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு வகை வில்லங்கம், பேர் மாறிய இசை. ‘அல்பினோனியின் அடாஜியோ’ என்று உலகமே கேட்டு உருகும் ஒன்று இருக்கிறது, கல்யாணம், சாவு, சினிமா எல்லாவற்றிலும் வரும். 1751-ல் இறந்த அல்பினோனி அதை எழுதவில்லை. அவரைப் பற்றி ஆராய்ந்த ரெமோ ஜியாசோட்டோ என்ற இத்தாலியர் 1958-ல் தன் பேரில் காப்புரிமையோடு வெளியிட்டது அது, பழைய கையெழுத்துத் துண்டு ஒன்றிலிருந்து வளர்த்தேன் என்றார், அந்த மூலத் துண்டு வெளிவரவே இல்லை. இளவரசர் சார்லஸ், டயானா திருமணத்தில் 1981-ல் ஒலித்த டிரம்பெட் இசை வெகுகாலம் பர்செல் பேரில் இருந்தது, எழுதியவர் ஜெரமையா கிளார்க். மிக மோசமான கதை பேனி மெண்டல்சனுடையது. அவர் எழுதிய சில பாடல்களை, பிரபல இசையமைப்பாளரான தம்பி பீலிக்ஸ் தன் பெயரிலேயே வெளியிட்டார். 1842-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் பீலிக்ஸ் போனபோது விக்டோரியா ராணி தனக்குப் பிடித்த பாடல் இதுதான் என்று ஒன்றைப் பாடிக் காட்ட, அது என் அக்கா எழுதியது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பேனியின் ஈஸ்டர் சொனாட்டா இன்னும் தாமதம், பல வருடம் தம்பியின் படைப்பாகக் கருதப்பட்டு, 2010-ல் மூலக் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து ஆராய்ந்தபின்தான் அக்காவுடையது என்று உறுதியானது. பெண் இசையமைப்பாளர்களைக் கேள்வியாக்குவது இப்போது வழக்கமாகிவிட்டதால் பேனி மெண்டல்சன், கிளாரா ஷூமன், எத்தல் ஸ்மித், ஃபுளோரன்ஸ் பிரைஸ், இந்த நான்கு பெயரை மட்டுமாவது கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

போனஸுக்கு வருவோம். நம் கற்பனை ஆட்டத்தில் ஹான்டெலைச் சொன்ன அணிக்கு இப்போது மூன்று துணுக்குகள் வரும், கேள்வி கேட்பவர் முதலிலேயே ஒரு இணைப்பைச் சொல்லிவிடுவார்: "பிரிட்டிஷ் முடிசூட்டு விழாக்களுக்காக எழுதப்பட்ட வேறு மூன்று படைப்புகள்." இந்த ஒரு வாக்கியம் துணுக்கைவிட முக்கியம். உலகத்தில் உள்ள ஆயிரக்கணக்கான இசையமைப்பாளர்கள் ஒரே நொடியில் பத்துப் பேராகச் சுருங்கிவிட்டார்கள். முதல் துணுக்கில் பெரிய கோரஸ், ஆர்கன், ரொமாண்டிக் காலப் பெருமிதம். 1902-ல் ஏழாம் எட்வர்டுக்காக ஹியூபர்ட் பாரி எழுதியது. இரண்டாவதில் குரலே இல்லை, துடிப்பான அணிவகுப்பு, ஜாஸ் கொஞ்சம் தொட்ட தாளம், நடுவில் அகலமான ஒரு மெட்டு. எல்கர் என்று வாய் வரை வரும், ஆனால் எல்கர் 1934-லேயே இறந்துவிட்டார், இதுவோ 1937, ஆறாம் ஜார்ஜ், வில்லியம் வால்ட்டன். மூன்றாவதில் ஒரே ஒரு சிறுவனின் குரல் மெலிதாகத் தொடங்கி மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள், 1953, இரண்டாம் எலிசபெத், வாகன் வில்லியம்ஸ். பாருங்கள், இதில் இசை ஞானத்தைவிட யார் எந்த வருடம் உயிரோடு இருந்தார் என்ற கணக்குதான் அதிகம் வேலை செய்தது. குசுகுசுவென்று நான்கு பேர் பேசும்போது ஒருவர் "இது வால்ட்டன் மாதிரி இருக்கு" என்றும் இன்னொருவர் "எந்த ராஜா?" என்றும் கேட்பதுதான் நல்ல அணி. வரலாறு படிப்பவர் இசைச் சுற்றில் காப்பாற்றுவதைப் பலமுறை பார்க்கலாம்.

இசைச் சுற்று என்றால் எப்போதும் மேற்கத்திய சாஸ்திரிய இசைதான் என்றும் இல்லை. ராப், ஜாஸ், மேடை நாடகப் பாட்டு, எல்லாம் வரும். 2023-ல் இந்த நிகழ்ச்சியை ஏற்றுக்கொண்ட அமோல் ராஜன், கொல்கத்தாவில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர், ஒரு மாணவர் "டிரம் அண்ட் பேஸ்" என்று சொன்ன பதிலை ஏற்க மறுத்து "ஜங்கிள் என்றுதான் வேண்டும்" என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னது இணையத்தில் பெரிய வேடிக்கையாகி, அந்தக் குரலையே வெட்டி ஒட்டிப் பாட்டுகள் வந்தன.

பயிற்சி எப்படி என்று கேட்டால், பட்டியல் போட்டு நூறு சிம்பொனி கேட்க ஆரம்பிக்காதீர்கள், மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். ஒரு காலத்துக்கு ஒருவர் என்று நாலு பேரை எடுத்து, ஒவ்வொருவரிடமும் ஒரு படைப்பை மட்டும் சலிக்கச் சலிக்கக் கேளுங்கள்: விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’, டைட்டன் புண்ணியத்தில் மோட்ஸார்ட்டின் 25, சைக்கோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’, ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’. கடைசியில் சொன்னது முதலில் காதைக் கடிக்கும், 1913-ல் பாரீசில் முதல்முறை வாசித்தபோது அரங்கத்தில் கூச்சலும் கலாட்டாவும் ஆன இசை அது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாலும் பழகிய பிறகு புதிதாக எது கேட்டாலும் "இது அந்த நாலில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிபிசி ரேடியோ 3 போன்ற வானொலியை நடுவில் போட்டு, அறிவிப்பாளர் பேர் சொல்வதற்குள் நீங்கள் ஒரு நூற்றாண்டைச் சொல்லிப் பார்க்கலாம். பேர் அப்புறம்.

ஒன்றுமே புரியாத துணுக்கு வந்து, எதிரணி ஏற்கெனவே தப்பாகச் சொல்லிவிட்டு, உங்கள் முறை வந்து நின்றால் வாயை மூடிக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள். அந்த நேரத்தில் தப்பான பதிலுக்கு அபராதம் கிடையாது. பியானோ என்றால் ஷோபின். கூட்டுக் குரல், லத்தீன் என்றால் மோட்ஸார்ட்டின் ரெக்வியம் (இறந்தவர்களுக்கான தேவாலய இசை), அல்லது வெர்டியின் ரெக்வியம், சத்தம் அதிகம் என்றால் வெர்டி. பச்சைப்பசேல் என்ற இங்கிலாந்து வயல்வெளி மாதிரி வயலின்கள் இழைந்தால் வாகன் வில்லியம்ஸ், அதே இங்கிலாந்து மீசையை முறுக்கிக்கொண்டு நடந்தால் எல்கர்.